வாள்வீச்சு வகுப்பு: வாள் வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை

சங்கத்து உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் பிள்ளைகளுக்கான வாள்வீச்சு வகுப்புக்குச் செயலாளர் அண்ணன் அனுப்பிய கொள்முதல் பட்டியலைப் பார்த்தேன். 20 பிள்ளைகளுக்கு 20 முழு செட்: முகக்கவசம், ஜாக்கெட், கையுறை, மின்வாள், லாமே, ஒயர், எல்லாம். நல்ல மனசோடு போட்ட பட்டியல்தான். ஆனால் இதை இப்படியே வாங்கினால் பொருளாளர் அக்கா கையில் முதல் மாதமே காசு மிஞ்சாது. வாங்கியதில் பாதியைப் பிள்ளைகள் முதல் வருஷம் தொடவும் மாட்டார்கள். அதனால்தான் இந்த நீள மடல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இதில் சூடுபட்ட பூனை. மகளை 8 வயதில் ஒரு பயிற்சிக்கூடத்தில் சேர்த்தபோது முதல் நாளே முழுப் பட்டியலைக் கையில் திணித்தார்கள். மறுபேச்சில்லாமல் வாங்கினோம். அடுத்த மூன்று மாதம் அவள் செய்ததெல்லாம் முன்னால் இரண்டு அடி, பின்னால் இரண்டு அடி. லாமே என்றால் ஜாக்கெட்டுக்கு மேல் போடுகிற உலோக இழைச் சட்டை. அதை முதன்முதலாகப் போடச் சொன்ன அன்று உறையைப் பிரித்தால், தோளில் ஏறவில்லை. பிள்ளை வளர்ந்துவிட்டாள்.

இந்த விளையாட்டில் காசைத் தின்பது வாளைவிட ஒயர்தான், அதாவது வாள் பட்டதை மின்பெட்டிக்குச் சொல்லும் கம்பியும் அதோடு வரும் மின்சாமானும். ஃபாயில், எப்பே, சேபர் என்று மூன்று வாள். ஃபாயிலில் நடு உடம்பு மட்டும்தான் இலக்கு. வாள் முனையால் குத்தினால்தான் புள்ளி. சேபரில் தலை உட்பட இடுப்புக்கு மேலே இலக்கு, வெட்டினாலும் கணக்கு. எப்பேயில் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எங்கே குத்தினாலும் புள்ளி. இலக்கில் பட்டதா, வெளியே பட்டதா என்று மின்பெட்டிக்குத் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் ஃபாயிலுக்கும் சேபருக்கும் லாமே. எப்பேக்கு முழு உடம்பும் இலக்கு என்பதால் அது தேவையே இல்லை. இருவரும் தொட்டால் யாருடைய தாக்குதலுக்கு முன்னுரிமை என்று நடுவர் தீர்ப்புச் சொல்லும் சிக்கலும் எப்பேயில் கிடையாது. முதலில் தொட்டவருக்குப் புள்ளி, ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொட்டால் இருவருக்கும் புள்ளி. ஆகவே இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒயர் போட்டே ஆகவேண்டும் என்று வந்தால், நான் எப்பேக்குத்தான் ஓட்டுப் போடுவேன். அது கொஞ்சம் கனம். விதிப்படி 770 கிராம் வரை போகலாம், மற்ற இரண்டும் 500 கிராமுக்குள் இருக்கவேண்டும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பெரிய தடை இல்லை.

சரி, முதல் வருஷம் என்ன செய்வது? முதல் ஆறு வாரம் வாளே வேண்டாம். கால்தான். ஒரு பாதம் எதிராளியைப் பார்க்க, மற்றது குறுக்காக, முழங்கால் மடங்க நிற்கும் நிலை. அதிலிருந்து முன்னேறுவது, பின்வாங்குவது, பாய்வது. பாய்ச்சலுக்கு லஞ்ச் என்று பெயர். "எப்போது லஞ்ச்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும், தயாராக இருங்கள். வழுக்காத தரையும் கோடு போட ஒட்டுநாடாவும் போதும். போட்டிக் களம் 14 மீட்டர் நீளம், ஒன்றரை முதல் 2 மீட்டர் அகலம். பிள்ளைகளுக்கு அதில் பாதி நீளமே தாராளம்.

இந்த ஆறு வாரம் சலிக்காதா என்று மகளிர் அணி அக்கா கேட்டிருந்தார். சலிக்காது, விளையாட்டாகக் கொண்டுபோனால். ஒருவர் கையுறையைத் தோள் உயரத்தில் நீட்டிப் பிடிப்பார். சொல்லாமல் கொள்ளாமல் விடுவார். எதிரில் நிற்பவர் பாய்ந்து, அது தரையில் விழுமுன் பிடிக்கவேண்டும். இதை நிறுத்தச் சொன்னால்தான் அழுகிறார்கள். இன்னொன்று கண்ணாடி ஆட்டம்: இரண்டு பேர் எதிரெதிரே, ஒருவர் நகர மற்றவர் அதே இடைவெளியைக் காக்கவேண்டும். வாள்வீச்சின் பாதி அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அதன்பிறகு பிளாஸ்டிக் வாள். சின்னப் பிள்ளைகளுக்கென்றே நுனி மழுங்கிய பிளாஸ்டிக் ஃபாயில், நுரை வாள் எல்லாம் விற்கிறார்கள், கூடவே அதற்கான இலகுவான முகக்கவசமும். இங்கே ஒரு விதியில் மட்டும் தயவுதாட்சண்யம் கூடாது: அந்த இலகு கவசத்தை மாட்டிக்கொண்டு இரும்பு வாள் பக்கம் யாரும் போகக்கூடாது, ஒரே ஒரு தடவை, படம் எடுப்பதற்காகக்கூட.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஃபாயில் தங்கம் வென்ற விளாதிமிர் ஸ்மிர்னோவ், 1982இல் ரோமில் நடந்த உலகப் போட்டியில் எதிராளியின் வாள் உடைந்து முகக்கவச வலையைத் துளைத்ததில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் கவசங்களுக்கும் ஜாக்கெட்டுகளுக்கும் வாள் எஃகுக்கும் விதிகள் இறுகின. இன்றைக்கு இது மிகவும் பாதுகாப்பான விளையாட்டு. அந்தப் பாதுகாப்பு உடுப்பில் இருக்கிறது. இரும்பு வாளுக்கு வந்துவிட்டால் பயிற்சிக்கு 350 நியூட்டன் (துணி குத்தைத் தாங்கும் அளவு) முத்திரை உள்ள ஜாக்கெட், அதற்குள்ளே வாள் கைப்பக்க அக்குளை மூடும் பிளாஸ்ட்ரான், ஜாக்கெட் கைவிளிம்பை மூடுகிற நீளக் கையுறை, பெண் பிள்ளைகளுக்கு மார்புக் கவசம். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய ஜாக்கெட் வாங்கலாம், தையலையும் அக்குளையும் விரித்துப் பார்த்துவிட்டு. பழைய முகக்கவசம் மட்டும் வேண்டவே வேண்டாம்: துரு, நெளிவு, தளர்ந்த வலை எதுவும் விற்பவர் காட்டும் படத்தில் தெரியாது.

வாங்குகிறபோது முதுகுப் பக்கம் ஜிப் வைத்த ஜாக்கெட்டாகப் பாருங்கள். முன் ஜிப் இடக்கை, வலக்கை என்று தனித்தனியாக வரும்; முதுகு ஜிப் இருவருக்கும் ஆகும். கையுறை வாள் கைக்கு மட்டும்தான், ஆகவே இடக்கைப் பிள்ளைகளுக்குத் தனியாக நாலைந்து சொல்லிவையுங்கள். எல்லாரும் மறப்பது இதைத்தான். எங்கள் வகுப்பில் ஒரு இடக்கைப் பையன் ஒரு மாதம் முழுக்க வலக்கைக் கையுறையைத் திருப்பி மாட்டிக்கொண்டிருந்தான். போட்டியில் இடக்கைக்காரர்கள் எதிராளிக்குத் தலைவலி. அவர்களை வாசலிலேயே விரட்டிவிடாதீர்கள்.

ஆளுக்கொரு செட் ஏன் தேவையில்லை என்பதற்கு வருகிறேன். 12 பிள்ளைகள் என்றால் 6 செட் போதும், பல அளவில். 6 பேர் ஆட, 6 பேர் நடுவர். இது ஒப்பேற்றுகிற வேலை இல்லை. மின்பெட்டி ஒலிம்பிக்குக்கு வந்தது எப்பேக்கு 1936இல், ஃபாயிலுக்கு 1956இல், சேபருக்கு 1992இல்தான். 1896 முதல் எல்லா நவீன ஒலிம்பிக்கிலும் இருக்கிற விளையாட்டு இது. மின்பெட்டி வரும்வரை அத்தனை காலமும் ஒரு தலைமை நடுவரும் நான்கு துணை நடுவர்களும் வெறுங்கண்ணால் பார்த்துத்தான் பதக்கத்தைத் தீர்மானித்தார்கள். ஆட்டத்துக்கு இருபுறமும் பிள்ளைகளை நிறுத்தி, "பட்டது", "படவில்லை", "தெரியவில்லை" என்று சொல்லவைத்தால், ஆடுகிறபோது கற்பதைவிட அதிகம் கற்கிறார்கள். "தெரியவில்லை" என்று சொல்ல ஒரு எட்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள்.

இதைவிட முக்கியம், தன்மேல் பட்டதைத் தானே ஒப்புக்கொள்வது. ஒயர் இல்லாத ஆட்டத்தில் அது பழைய மரபு: பட்டவர்தான் கையைத் தூக்கவேண்டும். எங்கள் வகுப்பில் ஒரு பையன் ஒருநாளும் தூக்கமாட்டான். திட்டிப் பார்த்தோம், பலிக்கவில்லை. பிறகு நான் ஆட்டத்தின் விதியையே மாற்றினேன்: ஐந்து புள்ளி ஆட்டத்தில், தானாக ஒப்புக்கொண்டதை மட்டும் பலகையில் எழுதுவேன், நடுவர் சொன்னதை எழுதமாட்டேன். முதல் வாரம் ஸ்கோர் சைபர், சைபர் என்றே நின்றது. பையன்களுக்கே வெறுத்துப்போனது. மூன்றாம் வாரம் அவன் கை தூக்கினான், அதுவும் யாரும் பார்க்காத ஒரு தொடுகைக்கு. இதை மின்பெட்டி வைத்திருந்தால் நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

பிள்ளைகள் முரடாகிவிடுவார்களோ என்ற பெரியப்பாவின் கேள்விக்குச் சுருக்கமாக: ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் வாளை உயர்த்தி எதிராளிக்கும் நடுவருக்கும் வணக்கம் வைப்பது இதில் கட்டாயம். என் அனுபவத்தில் கால்பந்துத் திடலில்தான் கூச்சல் அதிகம்.

பயிற்சியாளர் செலவுதான் மாதாமாதம் வரும், அதைக் குறைக்க ஒரே வழி வேலையைப் பிரிப்பது. தகுதிபெற்ற பயிற்சியாளர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரட்டும். வாள் பயிற்சி அன்றைக்கு மட்டும். நடுவில் உள்ள நாட்களில் பெற்றோர் கால் பயிற்சி நடத்தலாம், அதற்குப் பயிற்சியாளரே கற்றுத்தருவார். காணொளி பார்த்துக் கற்ற அப்பா இரும்பு வாளைத் தூக்கிக் கொடுப்பது மட்டும் வேண்டாம். எந்த வகுப்பிலும் இரண்டு பெரியவர்களாவது இருக்கவேண்டும். காப்பீடு பெரும்பாலும் அந்தந்த நாட்டு வாள்வீச்சுச் சம்மேளன உறுப்பினர் கட்டணத்தோடு வரும். இடம் பிடிக்குமுன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பவானி தேவியைப் பற்றி நாலைந்து பேர் எழுதியிருந்தீர்கள், டோக்கியோவில் ஒலிம்பிக் வாள்வீச்சில் இறங்கிய முதல் இந்தியர் என்று. முதல் ஆட்டத்தை 15-3 என்று வென்றதும் உண்மை. எனக்கு அதைவிடப் பிடித்தது, பள்ளியில் தொடங்கிய காலத்தில் அவர் மூங்கில் குச்சியை வைத்துப் பழகினார் என்பது. அண்ணன் பட்டியலில் மூங்கில் குச்சி இல்லை.

ஆகவே என் யோசனை: எந்த ஊரில் 8 பிள்ளைகள் சேர்கிறார்களோ, அங்கே ஒட்டுநாடாவும் ஒரு டஜன் பிளாஸ்டிக் வாளும் கவசமும் அனுப்பிவிடலாம். பத்து வாரம் கழித்து எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள் என்று எண்ணிவிட்டு, அவர்களுக்கு மட்டும் ஜாக்கெட் அளவெடுப்போம். அளவெடுக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

அந்த லாமே இன்னும் எங்கள் அலமாரியில், உறைக்குள்தான் இருக்கிறது. 8 வயதுப் பிள்ளைக்குச் சரியாக இருக்கும். யாருக்காவது வேண்டுமென்றால் இப்போது கேட்காதீர்கள், அடுத்த வருஷம் கேளுங்கள்.