அடுக்கடுக்கான ஜேசானில் கேள்விக்குறிப் புள்ளி: எங்கே போடலாம்?

குடைக்காரன்:
ஓப்பன்வெதர்மேப் என்ற வானிலைச் சேவையின் ஏபிஐ (நிரல்கள் தரவு கேட்டுப் பெறும் வழி) தரும் ஜேசானைக் (கீயும் மதிப்புமாக அடுக்கிய தரவு) கொண்டு வானிலை காட்டும் சிறிய பக்கம் ஒன்றை ஜாவாஸ்கிரிப்டில் எழுதியுள்ளேன். அதில் மழையளவு, 'ரெயின்' என்ற ஆப்ஜெக்டுக்குள் '1எச்' என்ற கீயில் இருக்கிறது (கீகளை இங்கே தமிழில் எழுதுகிறேன்). கீ எண்ணில் தொடங்குவதால் புள்ளி வைக்க முடியாது என்பதால், தரவு.ரெயின்["1எச்"] என்று எழுதினேன். மழை பெய்த நாளில் ஒழுங்காக ஓடிய பக்கம், வெயில் அடித்த நாளில் டைப்எரர் காட்டி நின்றுவிட்டது. எப்படித் திருத்துவது?

எளியநிரல்:
மழை இல்லாதபோது 'ரெயின்' என்ற கீயே வராது என்பது அந்த ஏபிஐயின் இயல்பு. தரவு.ரெயின்?.["1எச்"] ?? 0 என்று எழுதுங்கள். ஜாவாஸ்கிரிப்டின் எக்மாஸ்கிரிப்ட் 2020 தரத்தில் வந்த ?. என்ற குறி, தன் இடப்பக்கம் நல் (வெறுமை) அல்லது அன்டிஃபைன்டாக (மதிப்பே தரப்படாதது) இருந்தால் மேற்கொண்டு உள்ளே போகாமல் அன்டிஃபைன்டைத் திருப்பித் தரும்; அப்போது ?? அதற்குப் பதிலாக 0ஐத் தரும். எல்லா அடுக்குக்கும் ?. போட்டுவிட்டால் பக்கம் விழாது.

கறார்கணக்கு:
மழைக்கு ஒப்புக்கொள்கிறேன், 'எல்லா அடுக்குக்கும்' என்பதைத்தான் மறுக்கிறேன். ஏபிஐ கீ (ஏபிஐயைப் பயன்படுத்தத் தரப்படும் அனுமதிக் குறியீடு) தவறாக இருந்தால் 401 என்ற நிலைக்குறியீட்டுடன் ஒரு பிழைச் செய்தி மட்டுமே வரும், அதைத் தரவைக் கொண்டுவரும் ஃபெட்ச் தோல்வியாகவே கருதாது. அப்போது வெப்பநிலைக்கான தரவு.மெயின்?.டெம்ப் சத்தமில்லாமல் அன்டிஃபைன்டைத் தர, அதிலிருந்து கெல்வினுக்காக 273.15ஐக் கழித்தால் திரையில் 'என்ஏஎன்' (எண் அல்ல) என்று நிற்கும். அந்த இடத்தில் நல் வந்தால் இன்னும் மோசம்: ஜாவாஸ்கிரிப்ட் அதை 0 எனக் கொண்டு கழித்து, ஊரின் வெப்பநிலை −273.15 டிகிரி என்று கூசாமல் காட்டும். பக்கம் விழுந்திருந்தாலாவது கோளாறு எங்கே என்று தெரிந்திருக்கும்.

எளியநிரல்:
பதில் வெற்றியா என்று காட்டும் ரெஸ்பான்ஸ்.ஓகே என்பதைச் சோதிக்காமல் விட்டது நிரலாளரின் தவறு. பழியைக் கேள்விக்குறியின் மேல் போடுவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதாகும். வெறும் புள்ளியும் அப்படியொன்றும் காவல்காரன் இல்லை. தரவு.மெயின்.டெம் என்று கடைசிக் கீயைப் பிழையாகத் தட்டினால், எந்த எரரும் இல்லாமல் அதே அன்டிஃபைன்ட்தான் கிடைக்கும்.

கறார்கணக்கு:
கடைசிக் கீயைப் பொறுத்தவரை தாங்கள் சொல்வது சரி, அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் நடு அடுக்கில் பிழை செய்தால் வெறும் புள்ளி உடனே நிறுத்தும், கேள்விக்குறி அதை மூடி மறைக்கும். ஆகவே வராமலும் இருக்கக்கூடிய கீக்கு மட்டும் கேள்விக்குறி போதும். வந்தே தீர வேண்டிய வெப்பநிலையை, தரவு கைக்கு வந்தவுடனே எண்தானா என்று ஒரு வரியில் சோதித்துவிடலாம்.

எளியநிரல்:
நான்கு விவரம் காட்டும் பக்கத்துக்கு அந்த ஒரு வரியும் அதிகம் என்றே இன்னமும் கருதுகிறேன்.

குடைக்காரன்:
கேள்விக்குறியை மழைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ரெஸ்பான்ஸ்.ஓகே சோதனையையும் எண் சோதனையையும் சேர்த்துவிட்டேன். கையோடு இன்னொரு பிழையும் அகப்பட்டது. அளவையை செல்சியஸுக்கு மாற்றிய பிறகு, லே நகரில் வெப்பநிலை சரியாக 0 டிகிரியாக இருந்தபோது பக்கம் 'தரவு இல்லை' என்றது. ?? இருக்க வேண்டிய இடத்தில், 0ஐயும் இல்லாததாகவே கொள்ளும் || போட்டிருந்தேன்.