ஊதிப் பார்த்தால்தான் தெரியும்

அக்கா: பையனுக்கு ஆறு மாதமாக ஆஸ்துமா இழுப்பே வரவில்லை. நேற்றுப் பள்ளி மைதானத்தில் நான்கு சுற்று ஓடியிருக்கிறான். தினமும் எடுக்கும் இன்ஹேலரை நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன்.

பெரியம்மா: நிறுத்திவிடு அம்மா. வளர வளரச் சரியாகிவிடும். நம் தம்பிக்கும் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டதே!

சித்தப்பா: நின்றது உண்மைதான் அண்ணி. முப்பத்தாறு வயதில் ஒரு சளிக் காய்ச்சலோடு திரும்பி வந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. இரவு இரண்டு மணிக்குக் கட்டில் விளிம்பைப் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தேன். உள்ளே இழுத்த மூச்சு வெளியே போகவில்லை.

பெரியம்மா: ஐயோ தம்பி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

சித்தப்பா: மறுநாள் மூக்கில் கிளிப் மாட்டிக் குழாயில் ஊதச் சொன்னார்கள். முதல் நொடியில் வெளிவரும் காற்று, என் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 68 சதவீதம்தான்.

சித்தப்பா: பிறகு தேடிப் படித்தேன். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்தவர்களைச் சிறு வயது முதல் தொடர்ந்து பரிசோதித்து வருகிறார்கள். அவர்களில் வீசிங், அதாவது இழுப்பு, வந்து நின்றுபோன 168 பேரில் 76 பேருக்கு 26 வயதுக்குள் திரும்பிவிட்டது.

அக்கா: அப்படியானால் இவனுக்கும் வருமா சித்தப்பா?

சித்தப்பா: மீதி 92 பேருக்கு வரவில்லையே அம்மா. பயப்படாதே. ஆனால் நுரையீரல் இருபது வயதைத் தாண்டும்போதுதான் முழுத் திறனை எட்டுகிறது. பிறகு எல்லோருக்கும் மெல்லக் குறையும். அந்த உச்சத்தையே எட்டாத பிள்ளைக்கு நாற்பது, ஐம்பது வயதில் கையிருப்பு குறைவு. ஓடுவதை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. நானும் கால்பந்து ஆடியவன்தான்.

பெரியம்மா: அந்த இன்ஹேலர் மருந்து ஸ்டீராய்டு என்கிறார்களே. பிள்ளை குள்ளமாகிவிட மாட்டானா?

சித்தப்பா: அமெரிக்காவில் அந்த மருந்தைச் சில ஆண்டுகள் எடுத்த பிள்ளைகள், பெரியவர்களான பிறகு சராசரியாக 1.2 செ.மீ. உயரம் குறைந்திருந்தார்கள். நுரையீரல் வளர்ச்சியையும் அது கூட்டவில்லை. ஆனால் மூச்சுத் திணறி நள்ளிரவில் ஓடும் நிலையைக் குறைக்கிறது. அளவைக் குறைக்கலாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். நீயாக நிறுத்தாதே.

அக்கா: சனிக்கிழமை அழைத்துப் போகிறேன். இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழாயையும் கொண்டுபோகவா?

சித்தப்பா: கொண்டுபோ. அவன் எப்படி உறிஞ்சுகிறான் என்று அவர் பார்க்க வேண்டும். ஊதும் பரிசோதனைக்கு முன் எந்த மருந்தைத் தவிர்க்க வேண்டும் என்று இன்றே தொலைபேசியில் கேட்டுக்கொள்.

பெரியம்மா: நானும் கூட வருகிறேன். தம்பி, நீங்கள் கடைசியாக ஊதிப் பார்த்தது எப்போது?