ஜெர்மானிய இராணுவ உபரிக் கைத்துப்பாக்கிகள்: வாங்கியபோதும் சுட்டபோதும் நடந்தவை

ஒஹாயோ வாசி

இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மானியக் கைத்துப்பாக்கியான பி38 ஒன்றை வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகியும் ஒரு நொடி மட்டும் என் மனத்தை விட்டு அகலவில்லை. ஸ்லைடில், அதாவது சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேற்பகுதியில், 44 என்ற ஆண்டு முத்திரையும் கழுகுச் சின்னமும் தெளிவாக இருந்ததால், வேறெதையும் பார்க்காமல் பணத்தைக் கட்டிவிட்டேன். சுடுதளத்தில் எட்டுத் தோட்டாக்களை இட்டு, மூன்று சுட்டபின், சற்று நிறுத்தலாம் என்று சேஃப்டி என்ற பாதுகாப்பு நெம்பைக் கீழே அழுத்தினேன். அப்படி அழுத்தினால் சுத்தியல் தானாக இறங்கும், தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின் பூட்டப்பட்டிருப்பதால் தோட்டா வெடிக்காது என்பது இந்த மன்றத்தில் உள்ள எல்லோருக்கும் தெரியும். என்னுடையது வெடித்தது. என் விரல் டிரிகருக்கு அருகில்கூட இல்லை. குழல் மண்மேட்டை நோக்கி இருந்ததால் கொஞ்சம் புழுதி எழுந்ததோடு போயிற்று. பக்கத்துத் தடத்தில் ஒரு தந்தை தம் மகளுக்குக் காதுக் கவசத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்தச் சிறுமி திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பழைய முத்திரை

அன்பரே, ஆண்டு முத்திரையை மட்டும் பார்த்து வாங்கியதுதான் அங்கே நடந்த தவறு. எனக்கு நேர்ந்தது சிறியது: ஒருமுறை ஸ்லைடின் மேல்மூடித் தகடும் குறிபார்க்க உதவும் பின்முனையும் சுட்ட அதிர்ச்சியில் என் தலைக்கு மேலே பறந்துபோயின, தகட்டைப் புல்லில் ஒரு மணி நேரம் தேடினேன்.

அதனால் சொல்கிறேன், முதலில் தயாரித்த ஆலையைக் காட்டும் குறியெழுத்தைப் பாருங்கள். ஏசி என்றால் வால்தர், பிஒய்எஃப் என்றால் மௌசர், சிஒய்கியூ என்றால் ஸ்பிரேவெர்க். அடுத்து, ஃபிரேம் (கைப்பிடியோடு கூடிய அடிச்சட்டம்), ஸ்லைடு, குழல் ஆகியவற்றின் வரிசை எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். எக்ஸ் வடிவ முத்திரை இருந்தால் அது சோவியத் படைகள் கைப்பற்றிய துப்பாக்கி. அவர்கள் பழுதுபார்த்தபோது பல துப்பாக்கிகளின் பாகங்களைக் கலந்து, கருமையேற்றி, பழைய எண்ணுக்கு மேல் புது எண்ணைக் கீறிச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு துப்பாக்கியின் சேஃப்டியும் இன்னொன்றின் ஃபயரிங் பின்னும் சேர்ந்தால், பூட்ட வேண்டியது பூட்டாமல் போகலாம். சுடும் நொடியில் குழலையும் ஸ்லைடையும் பிணைக்கும் பூட்டுக் கட்டையின் இரு காதுகளிலும் விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஃபிரேமின் இருபுறமும் உள்ள ஸ்பிரிங்குகளைப் புதிதாக மாற்றிப் பழையவற்றை ஓர் உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றி, குழலின் பின்முனையிலுள்ள தோட்டா அறையில் தோட்டா இல்லை என்று இருமுறை உறுதி செய்துகொண்டு, குழலை மேல்நோக்கிப் பிடித்து, ரப்பர் முனை கீழே இருக்கும்படி ஒரு பென்சிலை அதற்குள் இறக்குங்கள். சுத்தியலை இழுத்து வைத்துச் சேஃப்டியை அழுத்துங்கள். பென்சில் அசையக்கூடாது.

டெக்சாஸ் மேற்கு

சுட விரும்புகிறவர் போர்க்கால பி38-ஐ ஏன் வாங்க வேண்டும் என்பது என் கேள்வி. மேற்கு ஜெர்மானிய இராணுவம் 1957 முதல் அலுமினிய ஃபிரேமில் அதையே பெற்றது. 1963-இல் அதற்குப் பி1 என்று பெயர் வந்தது. என்னிடம் இருப்பது 1970களில் வந்த பிற்கால வகை. அலுமினியம் தேயாமலிருக்க ஃபிரேமின் குறுக்கே அறுகோண எஃகுத் தண்டு இருக்கிறது. தண்டில்லாத பழைய பி1-ஐ வாங்குவோர் வீரியம் மிகுந்த தோட்டாக்களை அதில் இடவே வேண்டாம்.

ஆனால் இந்தக் குடும்பமே வெற்று உறையை இடப்பக்கம் வீசும் என்பதை நான் மறந்துவிட்டேன். முதல் உறை இடப்பக்கத் தடத்தில் நின்ற முதியவரின் சட்டைக் காலருக்குள் விழுந்தது. அவர் கையிலிருந்த ரிவால்வரை மேசைமேல் பொறுமையாக வைத்துவிட்டுத்தான் சட்டையை உதறினார். அந்த நிதானத்தை நான் இன்றும் வணங்குகிறேன்.

எண் பொருத்தம்

டெக்சாஸ் நண்பர் சொல்வதை ஏற்கிறேன். சுடுவதற்கு ஒன்று, சேகரிப்புக்கு வேறொன்று. இதை நான் கற்ற விதம் வேறு. என் தாய்மாமனார் தந்த, பி38-க்கு முந்தைய ஜெர்மானிய இராணுவக் கைத்துப்பாக்கியான லூகர் பி08-இல் சிறு பாகங்கள் வரை எண்கள் ஒத்திருந்தன. ஒரே ஒரு மேகசின் சுடலாம் என்று ஆசைப்பட்டேன். ஐந்தாவது தோட்டாவில், வெற்று உறையைக் கொக்கியால் இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் முறிந்தது. தோட்டா உள்ளே இருந்தால் அதன் பக்கவாட்டில் "கெலாடன்" (தோட்டா ஏற்றப்பட்டுள்ளது) என்ற ஜெர்மன் சொல் தெரியுமே, அந்தப் பாகம்தான். கையில் எடுத்துப் பார்த்தேன், சொல் முழுதாக இருந்தது, கொக்கிதான் இல்லை. புதிய எக்ஸ்ட்ராக்டர் எளிதாகக் கிடைத்தது. ஆனால் வரிசை எண்ணின் அந்த இரண்டு இலக்கங்கள் பொறித்த அசல் பாகம் இனி எங்கும் கிடைக்காது. மாமாவிடம் இதுவரை சொல்லவில்லை.

பழைய முத்திரை ஐயாவுக்கு ஒன்று: ஸ்பிரிங்கை மாற்றுங்கள் என்று நீங்கள் எழுதுவது சரியே, ஆனால் எண்கள் முழுதும் பொருந்திய துப்பாக்கிக்கு அதை முதல் அறிவுரையாகச் சொல்லாதீர்கள். படிப்பவர்கள் அதைச் சுடுவதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒஹாயோ வாசி

நேற்றிரவு பெட்டியிலிருந்து என் பி38-ஐ எடுத்து, பழைய முத்திரை ஐயா சொன்ன சோதனையைப் பத்து முறை செய்தேன். ஏழு முறை பென்சில் அசையவில்லை. மூன்று முறை ஒரு சாண் உயரம் துள்ளியது. ஃபிரேமில் இருப்பதும் ஸ்லைடில் இருப்பதும் வெவ்வேறு எண்கள்.