பொருள்: பொறித்த எழுத்துக்குள் வண்ணம் நிரப்பும் வேலைக்கு ஒரு சொல் வேண்டும்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய ரேடியோக்களைப் புதுப்பிக்கக் கற்கும் மாணவர்களுக்காக ஒரு கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. எல்லாம் முடிந்துவிட்டது, ஒரு சொல்லைத் தவிர.

1950களின் அமெரிக்க ராணுவ ரேடியோவான ஆர்-390ஏ போன்றவற்றின் முகப்புத் தகட்டில் எழுத்துகள் மேலே அச்சடித்தவை அல்ல, அலுமினியத்தில் வெட்டி இறக்கியவை. சாம்பல் நிறத் தகடு, பள்ளத்துக்குள் வெள்ளை. புதுப்பிக்கும்போது பழைய பெயின்ட்டை உரித்து, ஒவ்வோர் எழுத்தின் பள்ளத்தையும் ஈர்க்குச்சியால் சுரண்டிக் கழுவி, புதுப் பெயின்ட்டை மெல்லிசாக இரண்டு மூன்று முறை தெளிக்க வேண்டும். தடித்துப் போனால் பள்ளம் தூர்ந்துவிடும். அது நன்றாகக் காய்ந்த பிறகு வெள்ளை வண்ணக் குச்சியை எழுத்தின்மேல் அழுத்தித் தேய்த்து, மரக்கட்டையில் இழுத்துச் சுற்றிய துணியால் மேற்பரப்பை மட்டும் துடைக்க வேண்டும். துணி தளர்ந்திருந்தால் பள்ளத்துக்குள் இறங்கி, நிரப்பியதையும் அள்ளிக்கொண்டு வந்துவிடும்.

இந்தக் கடைசி வேலைக்குத்தான் சொல் தேடுகிறேன். ‘வண்ணம் நிரப்பல்’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த மாணவி, தகடு முழுவதற்கும் பெயின்ட் அடிப்பது என்று புரிந்துகொண்டார்.

* * *

அம்மா, ‘பொறிநிரப்பு’ என்று வைக்கலாம். பொறித்தல் நமக்குப் புதிதா? இமயத்தில் சேரன் வில் பொறித்த கதையைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். பொறிக்கு முதற்பொருள் புள்ளி என்பது என் துணிபு. மயிலின் பொறி, பாம்பின் படத்துப் பொறி, தீப்பொறி எல்லாம் புள்ளிதான். புள்ளி புள்ளியாகக் குத்தி வரைந்ததால் அது பொறித்தல் ஆயிற்று. புள்ளி என்ற சொல்லையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும், தனி மடலில் எழுதுகிறேன்.

* * *

> பொறிநிரப்பு

பொறி என்றால் இன்று இயந்திரம். எலிப்பொறியும் உண்டு. ரேடியோவுக்குள் எதையோ ஊற்றச் சொல்வதாகப் படிப்பவர் நினைப்பார்.

நம் முன்னோர் செய்த வேலைதானே இது? எழுத்தாணி ஓலையில் கீறல் மட்டும் போடும். கீறியவுடன் எழுத்து கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து ஓலை முழுக்கத் தடவித் துடைத்தால் மேலே உள்ளது போய்விடும், கீறலில் உள்ளது நிற்கும். முகப்புத் தகட்டில் நடப்பது அச்சு அசலாக இதுதான். இதற்கு ‘மையாடல்’ என்று பெயர். குழந்தை கையில் முதல் சுவடியைக் கொடுக்கும் நாளை மையாடல் விழா என்றார்கள். தமிழ்விடுதூது தமிழையே குழந்தையாக்கி, மஞ்சள் குளிப்பாட்டி மையிட்டு வளர்ப்பதும் ஏட்டுக்குச் செய்த இந்த வழக்கத்தை வைத்துத்தான். வேறு சொல் தேட வேண்டாம் அக்கா.

* * *

எனக்கு உடன்பாடில்லை. மை என்றாலே கருமை. மேகத்துக்கும் அஞ்சனத்துக்கும் மை என்று பெயர் வந்தது அதனால்தான். சங்கப் பாட்டில் வரும் ‘மையூன்’ ஆட்டிறைச்சி, அதுவும் கருப்பு ஆடாகத்தான் இருந்திருக்கும். இங்கே நிரப்புவதோ வெள்ளை.

இன்னொன்று, ‘ஆடு’ தன்வினை. நாம் நீராடுகிறோம், குழந்தையை நீராட்டுகிறோம். தகடு தானாக மையாடாது. வேண்டுமானால் ‘மையாட்டு’ என்று பிறவினையாக்குங்கள்.

* * *

> இங்கே நிரப்புவதோ வெள்ளை

வெண்மை, செம்மை, பசுமை என்கிறோமே ஐயா? மை எல்லா நிறத்துக்கும் வரும்தானே?

* * *

அது பண்புப்பெயர் விகுதி, தம்பி. நன்மை, தீமையில் எந்த நிறம்? அந்த வழியில் போக வேண்டாம். ஆனால் நீங்கள் வந்து சேர்ந்த இடம் சரி. எள்ளின் நெய்தான் எண்ணெய். இன்று தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் என்கிறோம், எள் யார் நினைவுக்கும் வருவதில்லை. சிவப்பு மை, பச்சை மை புழங்கும்போது வெள்ளை மையும் புழங்கும்.

அப்புறம், கையேட்டில் ‘ரேடியோ’ என்று இருப்பதை ‘வானொலி’ ஆக்கக் கூடாதா? ஒலிபரப்புக்கும் பெட்டிக்கும் ஒரே சொல்லா என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும்.

* * *

நான் தகடு வேலை செய்பவன். எங்கள் பேச்சில் ‘எழுத்துக்குப் பெயின்ட் அடைக்கிறது’, அவ்வளவுதான். 1920களின் ரேடியோக்களில் எபோனைட் (கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர்) முகப்பில் மேலே பெயின்ட்டே கிடையாது. கருப்பாக இருந்த தகடு வெளிச்சம் பட்டுப் பட்டு, அதிலுள்ள கந்தகத்தால் பச்சை கலந்த பழுப்பாகிவிடும். தேய்த்து மெருகேற்றி, எழுத்துக்கு மட்டும் வெள்ளை அடைப்போம். அதனால் ‘பூச்சு’ வருகிற சொல் எதுவும் இதற்கு உதவாது. மையாடல் அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் நான் ஓலைச்சுவடியிலிருந்து பாடத்தைத் தொடங்க வேண்டியிருக்கும்.

* * *

எல்லோருக்கும் நன்றி. ‘அடைப்பு’ என்று தலைப்பிட்டால் குழாய் நினைவு வருகிறது, ‘மையாட்டு’ வாயில் நிற்கவில்லை. ‘எழுத்துக்கு மையூட்டல்’ என்று முடிவு செய்திருக்கிறேன். பாதத்துக்குச் செம்பஞ்சு ஊட்டுகிறோம், அது கருப்பும் அல்ல, ஊட்டு பிறவினையும்கூட. முதல் முறை வரும் இடத்தில் ‘பள்ளத்தில் பெயின்ட் அடைப்பது’ என்று விளக்கியிருக்கிறேன். அதே மாணவியிடம் காட்டினேன். “மை காய எவ்வளவு நேரம் விட வேண்டும்?” என்று கேட்டார். எனக்கு அது போதும்.

* * *

அக்கா, அச்சுக்குப் போவதால் தடுக்கவில்லை. ஆனால் ஊட்டல் உள்ளே செலுத்துவதோடு நின்றுவிடுகிறது. துடைத்தெடுப்பது அதில் எங்கே இருக்கிறது? நீங்களே எழுதினீர்களே, துணி தளர்ந்தால் எல்லாம் போச்சு என்று. வேலையில் பாதி துடைப்பதுதான். தடவுவதும் துடைப்பதும் சேர்ந்ததுதான் மையாடல். சொல்லடைவிலாவது அதைப் பக்கத்தில் போடுங்கள்.

* * *

சொல்லடைவு நேற்றே போய்விட்டது தம்பி. அடுத்த பதிப்பில் பார்க்கிறேன்.