பெரிய நாயை எங்க படுக்க விடுறது: வீட்டுக்குள்ளயா, வளவிலயா?

புதுவளவு:
வணக்கம் உறவுகளே. நான் ஒட்டுசுட்டான் பக்கம். கொழும்பில இருந்த மச்சான் வெளிநாடு வெளிக்கிடேக்க தன்ர அல்சேசன் நாயை எங்களிட்டத் தந்திட்டுப் போட்டான். ஒன்பது மாதக் கடுவன், 31 கிலோ. அங்க மாடிவீட்டில, ஆக்களின்ர காலடியில படுத்து வளர்ந்தது. எங்கட வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில கட்டின 550 சதுர அடி வீடு. அஞ்சு பேர் இருக்கிறம். சின்னவளுக்கு மூண்டு வயசு, அம்மாவுக்கு மூச்சு இழுப்பு. வளவு அரை ஏக்கர், பின்வேலியோட பத்தைக்காடு தொடங்குது. "நாயெண்டால் முத்தத்தில கிடந்து படலையைப் பாக்கவேணும்" எண்டு அப்பா ஒரே பிடி. மனிசி உள்ளுக்க விடச் சொல்லுறா. இப்ப பலாமரத்தடியில சங்கிலியில நிக்குது. மூண்டு இரவா விடிய விடிய ஊளை. விசர் ஊசி போட்டாச்சு. அனுபவப்பட்டவை சொல்லுங்கோ.

குளக்கட்டு:
தம்பி, ஐயா சொல்லுறதுதான் சரி. இடம்பெயர்ந்து திரிஞ்ச காலம் தவிர எங்கட வீட்டில நாய் இல்லாத நாள் இல்லை. ஒண்டும் வாசல்படி தாண்டினதில்லை. துடக்குப் பாக்கிறன் எண்டு நினையாதேங்கோ, காரணம் உண்ணி. ரத்தம் குடிச்சு ஊதின உண்ணி நாயில இருந்து விழுந்து, சுவர் வெடிப்பு, கதவு நிலை, கட்டில் பொருத்து எண்டு இடுக்குக் கண்ட இடமெல்லாம் ஏறி ஆயிரக்கணக்கில முட்டை இடும். வளவில எண்டால் வெயிலும் எறும்பும் கோழியும் ஒரு பங்கை முடிக்கும். வீட்டுக்குள்ள அதுக்கு ராச வாழ்க்கை. மல்லாவியில தெரிஞ்ச ஒரு வீடு, பூசாத கல்லுச்சுவர். ராத்திரி ரோச் அடிச்சுப் பாத்தால் சுவரில வரிசையா ஏறுது. கடைசியில சாமான் முழுக்க முத்தத்தில இறக்கி, மருந்தடிச்சு, வெடிப்பெல்லாம் சீமெந்தால அடைச்சுத்தான் அவை தப்பினவை. உங்கட வீட்டில மூண்டு வயசுப் பிள்ளை நிலத்தில தவண்டு விளையாடுது.

காட்டுவிளிம்பு:
குளக்கட்டு அண்ணை, உண்ணிக்கு மருந்து கிடக்கு. சிறுத்தைக்கு என்ன மருந்து வச்சிருக்கிறியள்? நான் நெடுங்கேணி. அயலில ஒருத்தர் பின்வளவில சங்கிலி போட்டுக் கட்டின நாயை ஒரு இரவு கொண்டு போட்டுது. காலமை பாத்தால் பட்டியும் சங்கிலியும் ரத்தமும்தான். அவிட்டு விட்டிருந்தால் ஓடியாவது பாத்திருக்கும். 2018 இல கிளிநொச்சி அம்பாள்குளத்தில சிறுத்தை ஊருக்குள்ள வந்து ஆக்களைக் காயப்படுத்தினதை மறந்திட்டியளோ?

அதைவிட எனக்குப் பயம் யானைதான். காவலுக்கு வெளியில விடுறம் எண்டுறியள். நாய் யானையைக் கண்டால் குலைச்சுக்கொண்டு கிட்டப் போகும். யானை திரும்பினால் நேர எங்களிட்டத்தான் ஓடிவரும், யானை அதுக்குப் பின்னால. கரடியும் அப்பிடித்தான். பழகாத நாயை விறகுக்குப் போற ஆக்கள் கூட்டிக்கொண்டு போகாதது சும்மாவே? இந்த நாய்க்கு யானை மணமே தெரியாது. உங்கட வாசலுக்கு யானையைக் கூட்டிக்கொண்டு வரும்.

குளக்கட்டு:
யானை விசயத்தை ஒத்துக்கொள்ளுறன் தங்கச்சி. பண்டிக்கு என்ன சொல்லுறியள்? மரவள்ளியும் கச்சானும் போட்டவனுக்குத் தெரியும் அந்த வயித்தெரிவு. ஒரு ராத்திரியில ரெண்டு வரம்பு கிளறிப்போடும். நாய்ச் சத்தம் இருந்தால் வேலிக்கு அங்கால நிக்கும்.

காட்டுவிளிம்பு:
ஊர்நாய் பண்டியை வளைச்சு நிண்டு குலைக்கும், பல்லுக்கு எட்டாத தூரத்தில நிக்கத் தெரியும். அதைத் தாய்நாயிட்டப் படிச்சு வந்தது. இது நேர போய் வயிறு கிழிஞ்சு வரும். எங்கடது கதவடியில படுத்துக்கொண்டே உறுமும். நாங்கள் எழும்பி ரோச் அடிக்கப் பண்டி ஓடிவிடும். காவலுக்கு அதின்ர காது போதும், உடம்பை வெளியில வைக்கத் தேவையில்லை.

வாடைக்காற்று:
ரொறன்ரோவில இருந்து எழுதுறன், ஊர் முள்ளியவளை. எங்களிட்ட 35 கிலோ லப்ரடோர் எட்டு வருசமா வீட்டுக்குள்ளதான். நாய் கூட்டமா வாழுற சீவன். உங்கட நாய் கத்திறது தனிமைக்கு.

குளக்கட்டு:
அங்க மாரியில வெளியில விட்டால் விறைச்சுப்போகும், உள்ளுக்க வைக்கத்தான் வேணும். நிலத்துக்குக் கீழயும் ஒரு வீடு கிடக்கும் உங்களுக்கு. இவையின்ர வீட்டில ரெண்டு அறை. அம்மாவின்ர இழுப்பை ஒருத்தரும் கதைக்கேல்லை. நாய் மயிரும் தோல் பொருக்கும் பறக்கிற அறையில அந்த மனிசி எப்பிடி மூச்சு விடுறது?

மருந்துப்பை:
கால்நடை வைத்திய வேலையில கன வருசம் இருந்தனான். வெக்கையை ஒருத்தரும் எடுக்கேல்லை. நாய்க்கு எங்களைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இளைச்சுத்தான் சூட்டைக் கழிக்கும். சாதாரணமா உடம்புச் சூடு 38, 39 பாகை. 41 தாண்டினால் உயிர் போற நிலை. அல்சேசனுக்கு ரெண்டு அடுக்கு மயிர் வேற. கச்சான் காத்து வீசுற மாதங்களில தகரம் போட்ட நாய்க்கூடு அடுப்பு மாதிரி. மத்தியானம் அதுக்குள்ள அடைச்சிட்டு வயலுக்குப் போய், வந்து தூக்கிக்கொண்டு ஓடிவந்தவையைக் கண்டிருக்கிறன். எல்லாம் பிழைக்கேல்லை. சீற் போட்ட வீட்டுக்குள்ளயும் அந்த நேரம் வேகும். பகலுக்கு மரநிழல்தான் திறம்: தண்ணிச் சட்டியும், சூடு பிடிச்சால் கிடங்கு கிண்டிப் படுக்க ஈரமண்ணும்.

இரவு வேற கதை. மாரி தொடங்கினால் தவளை வரும், தவளைக்குப் பின்னால பாம்பு வரும். புடையன் இரவில திரியிற சாமான். நாய் மூக்கை நீட்டி மணக்கப் போய் மூக்கிலயும் முன்னங்காலிலயும் கடி வாங்கும். மருந்து தேடி ஓட நேரம் கிடைக்காது. இரவில ஒரு கதவுக்கு இஞ்சால வையுங்கோ.

உண்ணிக்கு குளக்கட்டு ஐயா சொன்னது முழுக்க உண்மை. ஆனால் முத்தத்தில படுத்தாலும் உண்ணி விடாது. உண்ணிக் காய்ச்சல் இந்த இனத்துக்குத்தான் கடுமையா வரும். சாப்பாட்டை விடும், பல்முரசு வெளிறும், முத்தினால் மூக்கால ரத்தம் வரும். மாதம் தவறாமல் மருந்து போடுங்கோ. காதுக்குள்ளயும் விரலிடுக்கிலயும் கிழமைக்கு ரெண்டு தரம் தடவிப் பாருங்கோ. வழுக்குற மாபிள் எண்டால் சாக்கு விரியுங்கோ. இடுப்பு மூட்டுக் கோளாறு வாற இனம், வளர்ற வயசில வழுக்கி விழக்கூடாது.

காட்டுவிளிம்பு:
உள்ளயோ வெளியயோ, தம்பி, சங்கிலியை இண்டைக்கே கழட்டுங்கோ. 2008 இல அக்கராயனை விட்டு வெளிக்கிடேக்க எங்கட நாய் மணி கட்டினபடி நிண்டது. றக்ரரில சாமான் ஏத்தி றோட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. ஷெல் விழ விழ அப்பா திரும்பி ஓடிப்போய் அவிட்டவர். தருமபுரம் மட்டும் பின்னால ஓடிவந்தது. பிறகு சனத்துக்குள்ள காணேல்லை. அந்தச் சங்கிலிச் சத்தம் இப்பவும் என்ர காதில கிடக்கு. பிறகு வளர்த்த ஒண்டையும் நான் கட்டினதில்லை.

குளக்கட்டு:
...தங்கச்சி, நாங்களும் ஒண்டைக் கட்டினபடி விட்டிட்டு வந்தனாங்கள். அவிட்டுவிட ஒருத்தரும் திரும்பிப் போகேல்லை.

தம்பி, அறைக்குள்ள விடச் சொல்லமாட்டன். விறாந்தையை அடைக்கலாம். அரைச்சுவருக்கு மேல கம்பிவலை, கீழ சீமெந்து நிலம், அதில வெடிப்பு ஒண்டும் இருக்கக்கூடாது. பகலுக்கு மரத்தடியில ஒரு கிடுகுக் கொட்டில். தகரம் போடாதேங்கோ.

புதுவளவு:
எல்லாருக்கும் நன்றி. சங்கிலியைக் கழட்டியாச்சு. விறாந்தையை அடைக்கத்தான் முடிவு. அம்மாவின்ர அறை பின்பக்கம், கதவு சாத்தினால் அங்க மயிர் போகாது. அப்பா இன்னும் ஒத்துக்கொள்ளேல்லை. ஆனால் நேற்று இரவு அவர் விறாந்தையில சாக்குக் கட்டிலில படுத்தவர், நாய் கட்டிலுக்குக் கீழ போய்ப் படுத்திட்டுது. ஊளை இல்லை. காலமை எழும்பி, உள்ளுக்க விட்டது ஆர் எண்டு ஒருத்தரையும் கேக்கேல்லை, தேத்தண்ணிக்கு முதல் நாய்க்குத் தண்ணி வச்சார்.

குளக்கட்டு அண்ணை, கம்பிவலை எவ்வளவு சின்னக் கண்ணா எடுக்கவேணும்? புடையன் குட்டியும் பூரக்கூடாது.