தொலைக்காட்சி அனுமதிப்பத்திரப் பணம் யார் கையில்?

வெள்ளவத்தை வாசகர் (கேள்வி):
லண்டனில் வசிக்கும் என் அக்கா வருடந்தோறும் தொலைக்காட்சி அனுமதிப்பத்திரக் கட்டணம் செலுத்துகிறார்; 2025 ஏப்ரலில் அது 174.50 பவுணாக உயர்ந்தது. அறவிடுவது பிபிசி என்கிறார்கள். பணம் அரசாங்கத்தின் திரட்டு நிதியத்துக்கு, அதாவது அரசின் வருமானம் சேரும் பொதுக் கணக்குக்கு, போகிறது என்றும் சொல்கிறார்கள். அப்படியானால் அந்தப் பணத்தின் மீது அதிகாரம் யாருக்கு? நமது அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியைப் பற்றிய விவாதங்களில் எல்லாரும் பிபிசியை உதாரணம் காட்டுவதால் கேட்கிறேன்.

கொட்டாஞ்சேனைக் கணக்காளர்:
இரண்டுமே உண்மைதான். 2003ஆம் ஆண்டின் தொடர்பாடல் சட்டப்படி அறவிடும் பொறுப்பு பிபிசிக்கு உரியது. ஆனால் அந்தத் தொகை திரட்டு நிதியத்தில் சேர்ந்து, பாராளுமன்றம் ஒதுக்கீட்டுக்கு வாக்களித்த பின்னரே, கலாசார அமைச்சின் வழியாக மானியமாகத் திரும்பி வருகிறது. இலங்கை அரசியலமைப்பில் திரட்டு நிதியம் பற்றிய 149ஆம் உறுப்புரையை வாசித்தவர்களுக்கு இது புதிதல்ல. வந்த பணத்தில் எந்த நிகழ்ச்சிக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பது பிபிசியே. ஆகவே திரட்டு நிதியம் வெறும் கணக்குவழி என்பதே என் கருத்து.

பம்பலப்பிட்டி நேயர்:
கணக்குவழி என்பதை ஏற்கிறேன். பிடி இருக்கும் இடம் வேறு. கட்டணம் எவ்வளவு என்பதை அமைச்சரே ஒழுங்குவிதியால் நிர்ணயிக்கிறார். விலைவாசி ஏறிய காலத்தில், 2022 முதல் இரண்டு ஆண்டுகள், அது 159 பவுணிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. அதைவிடக் கூர்மையானது 2015இன் உடன்பாடு: 75 வயதைக் கடந்தோருக்கு அரசு தன் செலவில் வழங்கிவந்த இலவச அனுமதிப்பத்திரத்தின் சுமை பிபிசியின் தலையில் ஏற்றப்பட்டது. 2020 ஆகஸ்டில் அந்தச் சலுகையை, குறைந்த வருமானமுள்ள முதியோருக்கான ஓய்வூதிய உதவி பெறுவோருக்கு மட்டும் என்று பிபிசி சுருக்கியபோது, வசவு முழுவதும் அதற்கே போய்ச் சேர்ந்தது. வெளிவிவகார அமைச்சு கொடுத்துவந்த, பிபிசி உலக சேவையின் செலவும் 2014இல் இப்படித்தான் கட்டணத்துக்கு மாறியது. உலக சேவையின் தமிழ் வானொலியாக நாம் சிற்றலையில் கேட்ட தமிழோசை, 2017 ஏப்ரலில் நிறுத்தப்படும் வரை, கடைசிச் சில ஆண்டுகள் மட்டுமே அந்தப் பணத்தில் ஓடியது.

வெள்ளவத்தை வாசகர்:
விளக்கங்களுக்கு நன்றி. அமைச்சரிடம் இந்தப் பிடி இல்லாத நாடு ஏதும் உண்டா?

கொட்டாஞ்சேனைக் கணக்காளர்:
ஜேர்மனியில் தேவையைக் கணக்கிடுவது ஒரு சுயாதீன ஆணைக்குழு. மாநிலங்கள் அதை ஏற்க வேண்டும். மாதக் கட்டணத்தை 17.50 யூரோவிலிருந்து 18.36 ஆக உயர்த்துவதை 2020இல் ஒரு மாநிலம் மட்டும் தடுத்தபோது, அரசியலமைப்பு நீதிமன்றம் அடுத்த ஆண்டே அந்தத் தடையைச் செல்லாததாக்கியது. ரூபவாஹினிக்கு முதலில் வேண்டியது இத்தகைய ஆணைக்குழுதான். பணிப்பாளர் சபையை அமைச்சர் நியமிக்கும் வரை, அனுமதிப்பத்திரக் கட்டணத்தை இங்கே மீண்டும் கொண்டுவருவதால் மட்டும் அதிகாரம் பார்வையாளரிடம் வந்துவிடாது.