பிரவுசர் கேம்: மட்டை திக்கித் திக்கி நகர்கிறது, என்ன செய்வது?

கேள்வி:
எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஓரளவு தெரியும், ஜாவாஸ்கிரிப்ட் இப்போதுதான் படிக்கிறேன். கேன்வாஸில் (பக்கத்தில் படம் வரையும் பகுதி) ஒரு பந்து, கீழே ஒரு மட்டை, இவ்வளவுதான் கேம். பந்து செட்இன்டர்வலில் (குறித்த இடைவெளியில் ஒரு ஃபங்ஷனைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது) ஓடுகிறது. ஆனால் அம்புக்குறி விசையை அழுத்திப் பிடித்தால் மட்டை கொஞ்சம் நகர்ந்து, நின்று யோசித்துவிட்டு, அப்புறம்தான் ஓடுகிறது. ஃபேசர் மாதிரி கேம் லைப்ரரி ஏதாவது எடுத்துக்கொண்டால் இதெல்லாம் தானாகச் சரியாகிவிடுமா?

பதில் 1:
விசையை அழுத்தினால் வரும் கீடவுன் நிகழ்வின் ஃபங்ஷனுக்குள்ளேயே மட்டையை நகர்த்துகிறீர்கள், சரியா? விசையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் கீடவுன் முதலில் ஒருமுறை வரும், சற்று இடைவெளி விட்டுத்தான் தொடர்ச்சியாக வரும். டைப் செய்யும் பெட்டியில் ஒரு எழுத்தை அழுத்திப் பிடித்துப் பாருங்கள், அங்கேயும் இதே கதைதான். அதனால் கீடவுன் வந்தால் ஒரு வேரியபிளை ட்ரூ ஆக்குங்கள், விசையை விட்டதும் கீஅப் வந்தால் ஃபால்ஸ், அதோடு அவற்றின் வேலை முடிந்தது. மட்டையை நகர்த்துவது கேம் லூப்பின் (திரையைத் திரும்பத் திரும்ப வரையும் ஃபங்ஷன்) பொறுப்பு.

பதில் 2:
அப்படியே செட்இன்டர்வலையும் தூக்கிவிட்டு ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃப்ரேமுக்கு மாறுங்கள், திரை புதுப்பிக்கும் வேகத்தோடு ஒத்துப்போகும். இதில் ஒரு பொறி உண்டு. ஃப்ரேமுக்கு (ஒருமுறை வரைவதற்கு) 5 பிக்சல் என்று எழுதினால் 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும்) திரையில் பந்து நொடிக்கு 300 பிக்சல் போகும், 144 ஹெர்ட்ஸ் திரையில் 720! வேகத்தை நொடிக்கு இத்தனை பிக்சல் என்று வைத்து, முந்தைய ஃப்ரேமிலிருந்து கடந்த நேரத்தால் பெருக்குங்கள் (அந்த நேரம் மில்லிநொடியில் வரும், 1000-ஆல் வகுக்க வேண்டும்). வேறு டேபுக்குப் போனால் லூப் நின்றுவிடும், திரும்பி வரும்போது இடைவெளி பெரிதாகிப் பந்து சுவரைத் தாண்டிக் குதிக்கும், ஆகவே அந்தக் கடந்த நேரத்தை 0.05 நொடிக்கு மேல் போகாமல் வெட்டிவிடுங்கள்.

பதில் 3:
ஃபேசர் நல்ல லைப்ரரிதான், 2013-லிருந்து இருக்கிறது. ஆனாலும் இந்தக் கேமை அது இல்லாமலே முடித்துவிடுங்கள் என்பேன். லூப், மோதல் கணக்கு இரண்டையும் கையால் எழுதியவருக்குத்தான் ஃபேசர் என்ன வேலையை மிச்சப்படுத்துகிறது என்று புரியும். ஒலி சேர்ப்பதாக இருந்தால் 'தொடங்கு' பட்டன் ஒன்று வையுங்கள், ஆட்டக்காரர் எதையாவது கிளிக் செய்யும்வரை பிரவுசர் பொதுவாகச் சத்தத்தை அனுமதிக்காது.

கேள்வி கேட்டவர்:
வேரியபிள் வைத்ததும் மட்டை வழுக்கிக்கொண்டு போகிறது, நன்றி! ஆனால் விசையைப் பிடித்தபடியே வேறு விண்டோவுக்குப் போய் வந்தால் மட்டை தானாகவே ஓடிக்கொண்டிருக்கிறதே?

பதில் 1:
விரலை எடுத்தது வேறு விண்டோவில் அல்லவா, கீஅப் உங்கள் பக்கத்துக்கு வரவே இல்லை. வேறு விண்டோவுக்கு மாறும்போது வரும் ப்ளர் நிகழ்வில் எல்லா விசைகளையும் ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள், நின்றுவிடும்.